அழைக்கும் பெயர்

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
அமோனியா வாடை எனக்கு முன்னால் படியேறிவிடும்.
மீனவர் சங்கம் கொடுத்த வேலை இது:
பிடிபட்டவனுக்கு ஒரே படிவம்.
தமிழ், சிங்களம், இங்கிலீஷ், அரபி, பார்சி.
எந்தக் கரையில் பிடித்தாலும்
அதே தாள், அதே கட்டம், அதே இடம்.
கூலி எண்ணூறு. டீ அவர்கள் செலவு.

முதலில் வரியின் உயரம்.
சிங்களத்துக்குத் தலையிலும் சுருள், காலிலும் சுருள்;
நெருக்கி வைத்தால் மேல்வரிக்காரன்
கீழ்வரிக்காரன் கொண்டையை மிதிக்கிறான்.
அரபிக்கு வரியின் அடியில் புள்ளி தொங்கும்,
ஒன்று வெட்டுப்பட்டால் வேறு சொல்.
தமிழுக்கு உயரம் இல்லை, அகலம்தான் வியாதி:
'கைதுசெய்யப்பட்டவரின்' என்று அடித்ததுமே
கட்டத்தின் சுவரில் மூக்கு முட்டிவிட்டது.
பன்னிரண்டு புள்ளி எழுத்து, இருபது புள்ளி வரி.
ஐந்து பேரும் மூச்சுவிட அதுதான் இடம் என்று
நாலாம் நாள் முடிவானது.

இருபுறமும் சமமாக இழு என்றார்
செயலாளர் ரெக்ஸ்லின்.
இழுத்தேன்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
நண்டு கடித்த வலைபோல ஓட்டை.
இடப்பக்கம் கட்டி வலப்பக்கத்தை அவிழ்த்துவிட்டேன்,
அரபிக்கும் பார்சிக்கும் மாற்றி.
'ஓரம் கோணலாத் தெரியுதே.'
'பாம்பன் கரையும் கோணல்தானே அண்ணே.'

கம்ப்யூட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம்:
கொம்பை இந்த வரியில் விட்டுவிட்டு
எழுத்தை அடுத்த வரிக்கு அனுப்பும்.
விதி ஏழு என்று எழுதி ஒட்டினேன்,
கொம்பைப் பிரிக்காதே.
புள்ளி வைத்த எழுத்தை
வரியின் வாசலில் நிறுத்தாதே.

பிறகுதான் பெயர்க் கட்டம்.
பழைய படிவத்தில்
முதற்பெயர், குடும்பப்பெயர்.
சூ. மிக்கேல்தாஸுக்கு ஏது குடும்பப்பெயர்?
யாரோ அந்த சூவை விரித்து
அப்பா பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.
அக்கரைக் கோர்ட்டில்
சூசைப்பிச்சை, சூசைப்பிச்சை, சூசைப்பிச்சை என்று
மூன்று தரம் கூப்பிட்டார்களாம்.
சூசைப்பிச்சை
பதினோரு வருஷம் முன்னே முசல் தீவுப் பக்கம் போனவர்.
பலகை ஒன்று வந்தது. அவர் வரவில்லை.
கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்ற மகன்
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல்
வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கிறான்.
ஆஜராகவில்லை என்று எழுதி
இன்னும் பதினாலு நாள்.

அவன் மனைவி ஜெனோவா
இந்த மாடியில் நின்றுதான் சொன்னாள். அழவில்லை.
'மாமனாரைப் பிடிச்சிருந்தா
எந்த இடத்துல பிடிச்சாங்கன்னாவது கேட்டுச் சொல்லுங்க.'

முதற்பெயரை எடுத்தேன்.
குடும்பப்பெயரை எடுத்தேன்.
'கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பெயர்'
என்று அடித்தேன், அடங்கவில்லை.
'அழைக்கும் பெயர்' ஆயிற்று.
தகப்பனுக்குத் தனிக் கட்டம்,
அதன் ஓரம் பொடி எழுத்தில்:
இருக்கிறார் / இல்லை.
ஐந்து மொழியிலும் மேலிருந்து மூன்றாம் வரி.
சிங்களத் தாளையும் தமிழ்த் தாளையும்
ஒன்றின்மேல் ஒன்று வைத்து
ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
கட்டத்தின் மேல் கட்டம் நின்றது.
பெயரின் மேல் பெயர்.

கடைசியில் பின் குத்துவதில் தகராறு.
தமிழுக்கு இடது ஓரம், அரபிக்கு வலது ஓரம்.
எங்கே குத்தினாலும்
ஒருவனுக்குக் கட்டு பின்னாலிருந்து திறக்கிறது.
கீழே ஐஸ் உடைக்கிறார்கள்.
ரெக்ஸ்லின் அண்ணன் ராமநாதபுரம் பஸ்ஸுக்கு
நேரமாச்சு என்கிறார்.
மேலே, நடுவில், ஒரே பின்.
காலண்டர்போலத் தூக்கிப் பார்க்கட்டும்.